தொண்ணூற்றாறு பக்கத்தில் அடங்காத மாமன்

எண்ணூறு பக்க நாவலிலிருந்து ஒரு தாய்மாமனை வேரோடு பிடுங்கி எறிந்தது கத்திரிதான். அந்தப் பெருமையில் பங்கு கேட்டு இன்றுவரை வேறு யாரும் வரவில்லை.

கத்திரி என்பது பதிப்பக அலுவலகம் அவருக்குச் சூட்டிய பட்டம். பழைய, தடித்த, அவசரத்துக்குத் தலையணையாகவும் உதவக்கூடிய நாவல்களை இளம் வாசகர்களுக்காகச் சுருக்கித் தருவது அவர் வேலை. சுருக்குவது என்றால் சரியாகத் தொண்ணூற்றாறு பக்கம். ஒரு பக்கம் கூடினால் அச்சகத்துக்காரர் முகம் சுளிப்பார். ஒரு பக்கம் குறைந்தால் அது வெள்ளையாக நிற்கும். அதைப் பார்த்து முதலாளியம்மா பெருமூச்சு விடுவார். மேதைகள் ஆயுளில் பாதியைச் செலவழித்து எழுதியதைக் கத்திரி ஒரு பருவமழைக்குள் முடித்துக் கொடுத்துவிடுவார். அவர்களுக்கு நேரத்தின் அருமை தெரியவில்லை என்பது அவருடைய தாழ்மையான கருத்து.

இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்கள் நாவலை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். கத்திரி அப்படியில்லை. படித்துக்கொண்டே வெட்டுவார்.

"முடிவு தெரிஞ்சா கை நடுங்கும் சார்," என்பார் கேட்பவர்களிடம். "ஆபரேஷன் பண்ற டாக்டருக்கு நோயாளியோட சொந்தபந்தம் எல்லாம் எதுக்கு?"

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அப்படியே பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது, 'மாவாலைச் சிறுமி' கைக்கு வரும்வரை.

பெற்றோரை இழந்த ஒரு சிறுமி. ஆற்றங்கரையில் அவளுக்குச் சொந்தமாக, மாவு அரைக்கும் ஓர் ஆலை. ஆலையின் மேல் கண் வைத்த ஒரு காரியஸ்தர். அவர் தேனாகப் பேசுவார், ஆகவே கெட்டவர் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கடைசியில் சிறுமியை நிலவறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார். ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது. இவ்வளவுதான் கதை. நடுவில் ஒரு தாய்மாமன். நல்ல பருமன். வருகிறார், சாப்பிடுகிறார், படுக்கிறார். எழுந்து, இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறார். சிறுமிக்கு முடிவே இல்லாத ஒரு கதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் குறட்டை விடுகிறார். ஐந்நூறு பக்கம் தாண்டியும் மனிதர் கதையை ஓர் அங்குலம் நகர்த்தவில்லை.

கத்திரி சிவப்புப் பென்சிலைத் தீட்டிக்கொண்டார். மாமன் சாப்பிட்டது போயிற்று. தூங்கியது போயிற்று. முடிவில்லாத கதை முடிந்தே போயிற்று. அவரைப் பற்றிய பேச்சு வரும் இடங்களில்கூடத் தடம் தெரியாமல் சுரண்டி எடுத்தார். அவ்வளவு சுத்தமான வேலை.

வெட்டிய வேகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டிவிட்டார்போல. கடைசி அத்தியாயத்துக்கு வந்து நின்றபோது எட்டுப் பக்கம் மிச்சம் இருந்தது. அவர் பிழைப்பில் அதுவரை நடக்காத அதிசயம். அன்று காய்ச்சல் வேறு. முடிவாவது முழுசாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த அத்தியாயத்தை வரி விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டார். எழுதியது கை. தலை எங்கோ கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த எட்டுப் பக்கத்தில்தான் மாமன் ஒளிந்திருந்தார். நிலவறையில் மூட்டைகள் சரிகின்றன. உடம்பெல்லாம் மாவு அப்பிய ஒரு பெரிய உருவம் கையில் லாந்தரோடு வெளியே வருகிறது. சிறுமி ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். இருவரும் கைகோத்துக்கொண்டு விடியலை நோக்கி நடக்கிறார்கள். சுபம். யார் அந்த மனிதர், எங்கிருந்து வந்தார், ஏன் மாவு என்று ஒரு வார்த்தை முன்னால் கிடையாது.

புத்தகம் வெளியே போகும் முன் நாலு பேர் கண்ணில் படாமலா போயிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். பட்டது. எழுத்துப்பிழை பார்க்கும் அக்கா எழுத்தை மட்டும்தான் பார்ப்பார். கதை எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஓவியர் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிப்பார்; சண்டை, தீ, வெள்ளம் எல்லாம் அங்கேதான் இருக்கும், அட்டைக்கு ஆகும். முதலாளியம்மா பின்னட்டையை மட்டும் படிப்பார். கத்திரி அச்சான புத்தகத்தைப் படிப்பதே இல்லை. சமைத்தவன் தன் சமையலைச் சாப்பிட மாட்டான் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

ஆகவே அட்டையில் மாமன் முழு உயரத்துக்கு லாந்தரோடு நின்றார். உள்ளே அவர் இல்லை.

வெடித்தது ஒரு பள்ளிக்கூடத்தில். அதுவும் கத்திரியின் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில்.

போனில் பேசியது அங்கே நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர். "சார், உங்க புத்தகத்தை வகுப்புல படிச்சோம். அதுல ஒரு சின்னச் சந்தேகம். அந்த வெள்ளை ஆளு யாருங்க?"

"எந்த வெள்ளை ஆளு?"

"அட்டையில இருக்காரே. பாதிப் பிள்ளைங்க பேய்ங்கறாங்க. பாதிப் பேரு திருடன்ங்கறாங்க. ரெண்டு நாளா வகுப்பே நடக்கலை. இதுல ஒரு பையனோட அம்மா வேற வந்துட்டாங்க. முன்பின் தெரியாத ஆளு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறதுதான் நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற பாடமான்னு கேக்கறாங்க. நான் என்ன சார் சொல்ல?"

கத்திரி புத்தகத்தை எடுத்துக் கடைசி எட்டுப் பக்கத்தை, பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் படிப்பதுபோல் படித்தார். எழுந்து ஓவியரின் மேசைக்குப் போனார். ஓவியர் ஒரு குதிரைக்குக் கால் வரைந்துகொண்டிருந்தார். அவருக்குக் குதிரைக் கால் வராது. அதனால் எல்லாக் குதிரைகளும் புல்லில் நிற்கும்.

"யோவ், இந்த அட்டையில இருக்கிறது யாரு?"

"யாருன்னு என்னைக் கேட்டா? கடைசி அத்தியாயத்துல மாவு அப்பின பெரிய உருவம்னுதான் போட்டிருக்கீங்க."

"இந்த முகத்தை நான் எங்கயோ பார்த்திருக்கேன்யா."

"பார்க்காம எப்படி? உங்க வீட்டு சோபால இருந்த முகமாச்சே," என்றார் ஓவியர், புல்லை வளர்த்துக்கொண்டே. "அன்னிக்குச் சாப்பிடக் கூப்பிட்டீங்கல்ல. உங்க மச்சினன் வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கிட்டிருந்தார். அப்படி ஒரு நிம்மதியான முகத்தை நான் வரைஞ்சதே இல்லை கத்திரி சார். மனசுல ஒட்டிக்கிச்சு."

கத்திரி அட்டையை மறுபடி பார்த்தார். மாவைத் துடைத்துவிட்டால் மச்சினனேதான். அந்தத் தாடை, அந்தத் தூக்கக் கண், எதற்கும் அவசரப்படாத அந்தத் தொப்பை.

மச்சினன் என்பது அவர் மனைவியின் தம்பி. வேலையை விட்டுவிட்டு, அடுத்த வேலை கிடைக்கும்வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்தவர். அடுத்த வேலை வழி தெரியாமல் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்து சோபா அவருடைய படுக்கை, சாப்பாட்டு மேசை, வரவேற்பறை எல்லாம். கத்திரியின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். மாமா விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார். அதில் ஒரு பூனை கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று பூனைக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

தொழில்முறையில் கத்திரிக்கு அந்தக் கதை பொறுக்கவில்லை. அதிலிருந்து ஒரு பக்கம் தேறாது.

ஒரு நாள் சாப்பாட்டின்போது மச்சினன் வழக்கம்போலக் கேட்டார். "என்ன அத்தான், இன்னிக்கு யாரை வெட்டினீங்க?"

கத்திரிக்கு நாக்கு நுனியில் எப்போதும் ஒரு ஜோக் காத்துக்கொண்டிருக்கும். அன்றும் இருந்தது. "ஒரு மாமனை வெட்டினேன் மாப்ளே. திங்கறான், தூங்கறான், கதையை ஒரு அடி நகர்த்த மாட்டேங்கறான். அந்த மாதிரி ஆளை முதல் அத்தியாயத்துலயே வெட்டிடணும். எந்த வீடா இருந்தாலும் சரி."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சினன்தான் அதிகமாகச் சிரித்தார். புரையேறித் தண்ணீர் குடிக்கும் அளவுக்குச் சிரித்தார். மறுநாள் காலையில் சோபாவின் மேல் போர்வை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. வந்த நாளிலிருந்து அவர் அந்தப் போர்வையை மடித்ததே இல்லை.

அன்றிலிருந்து கத்திரிக்கு ஒரு கேள்வி. நம்மால்தான் போனானா? இதற்குப் பதில் வாங்க அவர் செய்யாத முயற்சியில்லை. மனைவியிடம் கேட்டார். "அவனுக்கென்ன, சின்னப் பிள்ளையா?" என்றாள் அவள், பாத்திரத்தைத் தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டே. மச்சினனுக்கே போன் போட்டார். "ச்சேச்சே, என்ன அத்தான் நீங்க! நண்பன் ரூம்ல காத்து நல்லா வருது, அதான்," என்றார் அவர். மகளிடம் கேட்டார். "ம்," என்றாள். ஆமாவா இல்லையா என்று பிரித்தறிய முடியாத ஒரு ம். அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசியதெல்லாம் கையெழுத்து வேண்டும், செருப்பு அறுந்துவிட்டது, லைட்டைப் போடுங்கள் என்ற வகை. தினசரி வீட்டுக்குள் வந்து, காலியான சோபாவைச் சுற்றிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். அதில் யாரும் உட்காருவதில்லை. கத்திரி ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். மகள் பார்த்த பார்வையில் எழுந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்து விவகாரத்தைக் கேட்ட முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். "போய்ப் பார்த்துட்டு வாங்க தம்பி."

"போய் என்ன சொல்லட்டும்மா? அடுத்த பதிப்புல மாமாவைச் சேர்த்துடறோம்னு சொல்லலாமா?"

"பார்ப்போம்."

"இல்ல, இருக்கிற புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கறோம்னு?"

"அதையும் பார்ப்போம்."

முதலாளியம்மா இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பதிப்பகத்தையே கட்டி எழுப்பியவர். இந்த நிறுவனத்தில் எதற்கும் சரி என்றோ இல்லை என்றோ யாரும் வாயால் சொல்லிக் கத்திரி கேட்டதில்லை.

வேறு வழியில்லாமல் மூல நாவலை மறுபடி எடுத்தார். இந்த முறை மாமன் வரும் இடங்களை மட்டும், தான் சிவப்பு அடித்த கோடுகளுக்கு நடுவே படித்தார். மாமன் ஏன் நிலவறைக்குள் இருந்தார் என்றால், மத்தியானத் தூக்கத்துக்கு அவர் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. மூட்டை மெத்தென்று இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும், வேலை சொல்ல யாரும் வர மாட்டார்கள். மூட்டைகளுக்குப் பின்னால், மாவை வெளியே தள்ளும் பழைய மரச்சறுக்கு ஒன்று இருப்பது ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஐந்நூறு பக்கம் அவர் சும்மா தூங்கவில்லை. வழி தெரிந்துவைத்துக்கொண்டிருந்தார். அதைவிட மோசம், அந்த இடங்களில் கத்திரி வாய்விட்டுச் சிரித்தார். நாவலிலேயே சிரிப்பு வந்தது அங்கே மட்டும்தான். தேடித் தேடி அதை மட்டும் வெட்டியிருந்தார்.

பள்ளிக்கூட நூலகத்தில் குட்டையான அலமாரிகள். ஒரு பக்கம் நசுங்கிய பூகோள உருண்டை. காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தரும் மின்விசிறி. பிள்ளைகள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மடியிலும் அவர் புத்தகம். இத்தனை பேர் தன்னைப் படித்திருக்கிறார்கள் என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. அது நாற்காலியில் உட்காரும்வரை தாங்கியது.

டீச்சர் குனிந்து ரகசியமாகச் சொன்னார். "அதோ ஜன்னலோரம் இருக்கே ஒரு பொண்ணு, அதுதான் சார் முதல்ல எழுந்து கேட்டுச்சு, இது யாருன்னு. அமைதியான பொண்ணு. எங்க இருந்துதான் இப்படி ஒரு கேள்வியைப் பிடிச்சுதோ!"

ஜன்னலோரம் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். டீச்சருக்குத் தெரியாது. மகள் சொல்லியிருக்கவில்லை. புத்தகத்தில் அவர் பெயர் உள்பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்து உறவு கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

கத்திரி தொண்டையைச் செருமினார். "பிள்ளைங்களா, அவர் அந்தப் பொண்ணோட தாய்மாமா. ரொம்ப நாளா வெளியூர்ல இருந்தார். அன்னிக்குத்தான் திரும்பி வந்தார்."

"பொய்," என்றான் முன்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரன். "வெளியூர்ல இருந்து வந்தவருக்கு நிலவறைக்கு வழி எப்படித் தெரியும்?"

"வந்ததும் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டார்."

"யார்கிட்ட? வெள்ளம் வருதுன்னு ஊர்ல எல்லாரும் ஓடிட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எம்பத்தி ஏழாம் பக்கம்."

"அப்புறம் ஏன் உடம்பெல்லாம் மாவு?" என்றாள் ஒரு ரெட்டைப் பின்னல். "ஊருக்குப் போனவங்க மாவோடயா வருவாங்க?"

கத்திரி கைக்குட்டையை எடுத்தார். வாழ்நாளில் அவரைத் திருத்தி வேலை வாங்கிய எந்த ஆசிரியரும் இவ்வளவு கவனமாக அவரைப் படித்ததில்லை. இனி இதில் சமாளிப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

"சரி. அவர் முதல்ல இருந்தே இருக்கார். அந்த வீட்லயேதான் இருக்கார். நான்தான் அவரை எடுத்துட்டேன்."

முன்வரிசை பாயோடு நகர்ந்து கிட்டே வந்தது.

"ஏன் எடுத்தீங்க?"

"அவர் ஒண்ணுமே செய்யலை. சும்மா சாப்பிட்டார், தூங்கினார்."

"எங்க சித்தப்பாவும் அப்படித்தான்," என்றான் கண்ணாடிக்காரன்.

"எங்க பெரியப்பா டீவி முன்னாடியே இருப்பார்."

"எங்க அத்தை போன்லயே இருக்கும். ஒரு வேலை செய்யாது."

"எங்க அப்பாகூட," என்று எவனோ பின்னாலிருந்து சொல்ல, டீச்சர் அவசரமாகக் கைதட்டி அடக்கினார்.

"அவங்களை எல்லாம் எடுத்துடுவீங்களா சார்?" என்றாள் ரெட்டைப் பின்னல்.

மகள் தலை நிமிரவில்லை. ஜன்னல் கம்பியில் விரலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். கத்திரி பையிலிருந்து மூல நாவலை வெளியே எடுத்தார். "அவர் என்னதான் பண்ணினார்னு சொல்றேன், கேளுங்க," என்றார்.

மாமன் காரியஸ்தருக்கு வைத்திருந்த விருந்தைத் தவறுதலாகத் தின்றுவிட்டு, காரியஸ்தரையே கூப்பிட்டு உட்காரவைத்து ஆறுதல் சொன்ன கதையைச் சொன்னார். சாமியார் பிரசங்கத்தின் நடுவில் தூங்கி, 'நாளைக்கு வாங்க' என்று தூக்கத்தில் சொன்னதைச் சொன்னார். ஆலைப் பூனைகள் அவர் வயிற்றில் படுக்கச் சண்டை போட்டதைச் சொன்னபோது கண்ணாடிக்காரன் பாயில் உருண்டான். மாமன் நிலவறையில் படுக்கை தேடிய இடம் வந்தது. பிள்ளைகளுக்கு உடனே பொறி தட்டிவிட்டது.

"அதான் வழி தெரிஞ்சுது! அதான் மாவு!"

"இதை ஏன் சார் வெட்டினீங்க? இதுதானே நல்லா இருக்கு!"

"தொண்ணூத்தாறு பக்கம்தான் கண்ணு. இடம் இல்ல."

"அப்போ வேற எதையாவது வெட்டுங்க," என்றாள் ரெட்டைப் பின்னல். அவ்வளவுதான், வகுப்பு கசாப்புக்கடை ஆகிவிட்டது. சூரியன் மறைவதைப் பற்றிய இரண்டு பக்கத்தை ஒருவன் வெட்டினான். சூரியன் மறைவது எல்லாருக்கும் தெரியுமாம். நல்லொழுக்கமே உருவான அத்தை மகனை ஒருத்தி ஈவிரக்கமில்லாமல் தூக்கினாள். கதாநாயகி நேர்மையைப் பற்றிப் பேசும் பேச்சை, கத்திரி கண்ணீர் மல்க வெட்டாமல் விட்டுவைத்த அந்தப் பேச்சை, ஒட்டுமொத்த வகுப்பும் கைதூக்கி ஒழித்துக்கட்டியது. மாமனுக்குப் பதினோரு பக்கம் கிடைத்தது.

அப்போதுதான் ஜன்னலோரக் கை உயர்ந்தது.

"சார்," என்றாள் அவர் மகள்.

பெற்ற மகள் வாயால் சார் என்று கேட்பது எப்படி இருக்கும் என்று கத்திரி அதுவரை யோசித்ததில்லை. காதுக்குப் பின்னால் சுட்டது.

"சொல்லும்மா."

"அவர் திரும்பி வருவாரா?"

வகுப்பு முழுக்க அவரைப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்தது முதலாளியம்மாவின் குரல்.

"பார்ப்போம்."

மகள் உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். சேர்ந்து என்றால் அவள் நாலடி முன்னால். டயர் கடை, மருந்துக்கடை, பூட்டிய ஒரு வங்கி எல்லாம் தாண்டியும் அந்த நாலடி குறையவில்லை.

"மாமா கண்டிப்பா வருவார்மா," என்றார் முதுகைப் பார்த்து. "முதலாளியம்மா என்ன சொன்னாலும் சரி. நானே உட்கார்ந்து எழுதிடறேன். பதினோரு பக்கம்."

அவள் நின்றாள். "நான் புத்தகத்தைக் கேக்கலை."

கத்திரிக்கு நாக்கு நுனியில் ஜோக் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தார். வழக்கமான இடம் காலியாக இருந்தது.

"மாமா ரூம் எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் போன் போட்டாரே தவிர, ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. முக்கு திரும்பி, ஒரு சலவைக்கடைக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு. கீழேயிருந்து இஸ்திரி ஆவி படியெங்கும் ஏறிக்கொண்டிருந்தது. காற்று நல்லா வரும் அறை இதுதான்போல.

மச்சினன் பனியனோடு கதவைத் திறந்தார். மருமகளைப் பார்த்ததும் முகம் விரிந்தது. பின்னால் நிற்பவரைப் பார்த்ததும், விரிந்தது அப்படியே நின்றது.

"அடடே, அத்தான்! வாங்க, வாங்க. உட்காருங்க. எங்கன்னு கேக்காதீங்க."

அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், கொடியில் நாலு துணி. கட்டில் மேல் போர்வை நாலாக மடித்து இருந்தது. பக்கத்தில் 'மாவாலைச் சிறுமி', அட்டை வெளியே தெரியும்படி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மகள்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கவேண்டும்.

"படிச்சியா?" என்றார் கத்திரி.

"படிச்சேன் அத்தான். அட்டையில நான் ரொம்ப நல்லா வந்திருக்கேன். உள்ளதான் ஆளைக் காணோம்." அவர் சிரித்தார். அதே சிரிப்பு, புரையேறுகிற சிரிப்பு. பக்கத்தில் இருந்து பார்க்கும்போது அது கண் வரைக்கும் போகவில்லை என்று தெரிந்தது. அன்று சாப்பாட்டு மேசையிலும் போயிருக்காது. அன்று கத்திரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, அன்னிக்கு நான் சொன்னது…"

"அட, அதை இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களா? டீ குடிக்கறீங்களா? கீழ கடைப் பையன்கிட்ட சொன்னா வாங்கிட்டு வருவான்."

"டீ வேண்டாம். கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நான் சொன்னதாலதானே போன?"

"இல்ல அத்தான், இங்க காத்து…"

கீழே இஸ்திரிப் பெட்டி புஸ் என்றது. ஜன்னல் வழியாக ஒரு மேகம் ஆவி உள்ளே வந்து மூன்று பேருக்கும் நடுவில் நின்றது. கத்திரி கையால் அதை விலக்கினார். மச்சினனும் விலக்கினார்.

"மாமா," என்றாள் மகள். ஸ்டூலில் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "அப்பா ஜோக் அடிக்காம கேக்கறார். நீயும் அடிக்காம சொல்லேன்."

மச்சினன் கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு பட்டனாகப் போட்டார், தப்பாகப் போட்டார், கழற்றி மறுபடி போட்டார். கத்திரி அவசரப்படுத்தவில்லை. இந்த இடத்தில் ஒரு வரியைக்கூட வெட்ட அவருக்குத் துணிச்சல் இல்லை.

"நீ வீட்டுக்கு வரணும் மாப்ளே," என்றார். "வருவியா, மாட்டியா?"

மச்சினன் நிமிர்ந்து நேராகப் பார்த்தார்.

"வலிச்சுது அத்தான். நீங்க சொன்னதாலதான் போனேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன், பூனைக் கதையும் பாதியில நிக்குது. தங்க வர மாட்டேன்."